காலில்லாத பச்சைப் புழு

பத்து வருடம் மணப்பெண்களைப் படம் எடுத்தேன். அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் பூச்சிகளை எடுத்தேன். எது கஷ்டம் என்று இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். மணப்பெண்ணிடம் "கொஞ்சம் இங்கிட்டுத் திரும்பும்மா" என்று சொன்னால் திரும்பும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. போன மாதம், நான் வேலை பார்த்த பண்ணையிலிருந்து திவ்யா என்ற பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். பூச்சியைக் கைப்பேசியில் படம் எடுத்தால் அரை நிமிடத்தில் பெயர் சொல்லிவிடும் செயலி ஒன்றைக் காட்டினார்கள். எங்கள் வீட்டு முருங்கையில் கிடந்த கம்பளிப்பூச்சியைக் காட்டியதும் அது சரியாகவே சொன்னது. எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

"இதெல்லாம் இல்லாம எப்புடி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று திவ்யா கேட்டாள்.

"தப்பாவும் கண்டுபிடிச்சிருக்கேன்மா."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "அதை எழுதிக் குடுங்க சார், பண்ணை மலர்ல போடுவோம்" என்றாள். அதனால்தான் இது.

எனக்குச் சொந்த ஊர் ஜெகதாப்பட்டினம். அத்தா அங்கே ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்தார். கடலுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருகிறார்களா, இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று தெரியாமல் அக்கம்பக்கத்து வீடுகள் தவித்ததைப் பார்த்த உம்மா, என்னை அறந்தாங்கியில் மாமா வைத்திருந்த ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று அங்கே பத்து வருடம். பிறகு, அன்னவாசல் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்திய விவசாய ஆய்வுப் பண்ணையில் படம் எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். விதை, இலைப்புள்ளி, வேர் முடிச்சு, அரிசியில் விழுந்த வண்டு என்று எது கொடுத்தாலும் எடுத்தேன். முதல் இரண்டு வருடம் பிலிம் ரோலைப் பாழாக்கியே கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எட்டு வருடம் கழித்து, பூச்சிப் பிரிவுக்குத் தலைவராக செண்பகவல்லி மேடம் வந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். வந்த அன்றே, "நான் ஒங்களை எப்புடிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். "எல்லாரும் ரபீக் பாய்னு கூப்புடுவாங்க மேடம்" என்றேன். கடைசிவரை அப்படியே கூப்பிட்டார்.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். குரல் எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும். விவசாயி ஒருவர் பிளாஸ்டிக் பையில் பூச்சியைக் கட்டிக்கொண்டு வந்தால், முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார். எந்தச் செடி, நுனியிலா அடியிலா, இலைக்கு மேலேயா கீழேயா, எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று கேட்பார். அதன் பிறகுதான் பையை அவிழ்ப்பார். முதலில் வெறும் கண்ணால் பார்ப்பார். இரண்டாவது உருப்பெருக்கியால். மூன்றாவதாக அதை ஒரு வெள்ளைத் தட்டில் விட்டு, அது தானாக நடக்கும்வரை காத்திருப்பார். சில பூச்சி கால் மணி நேரம் அசையாது. அவரும் அசையமாட்டார். அது நடந்ததைப் பார்த்த பிறகுதான் பெயர் சொல்வார்.

தெரியவில்லை என்றால், "எனக்குத் தெரியல, பாத்துச் சொல்றேன்" என்று அந்த விவசாயியிடமே சொல்லிவிடுவார். இவ்வளவு படித்தவர் இப்படிச் சொல்லலாமா என்று ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒருமுறை, மழைக்குப் பிந்திய நாளில், பாறையில் வளரும் செடிகளைப் படம் எடுக்க நார்த்தாமலைக்குப் போனோம். மேலே விஜயாலய சோழீச்சுரக் கோயிலுக்குப் பக்கத்தில் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கண்ணாடி போல உடம்பு, நகத்தளவு நீளம், மல்லாந்தபடி நீந்திக்கொண்டிருந்தன. "மேடம், இறாலு!" என்று கத்திவிட்டேன். கடற்கரைக்காரன் மலை உச்சியில் இறாலைப் பார்த்தால் வேறு என்ன செய்வான்?

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் பாறையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு இது என்னன்னே தெரியல பாய். நீங்க சொன்னதுதான் கிட்டத்தட்ட சரியா இருக்கும்போல." பண்ணைக்கு வந்து மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டி, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், வெயில் காலம் முழுக்க முட்டையாக வறண்ட மண்ணில் கிடந்து மழைக்குப் பொரிவது என்று கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதைச் சொன்னார். "தெரியல" என்று சொன்னவர்தான் மூன்று நாள் தேடினார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நார்த்தாமலைக்குப் போன அந்த வருடம் பண்ணையிலிருந்து பயறு விவசாயிகளுக்காக ஒரு வண்ணத் துண்டுப் பிரசுரம் போட்டோம். ஒரு பக்கம் 'அழிக்க வேண்டியவை', மறுபக்கம் 'காக்க வேண்டியவை'. எழுத்தெல்லாம் மேடம் எழுதி முடித்துவிட்டு, இரண்டு வாரப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். படங்களை அடுக்க வேண்டியது என் வேலை. புதுக்கோட்டை அச்சகத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் காலைக்குள் படம் வேண்டும், இல்லையென்றால் மிஷின் வேறு வேலைக்குப் போய்விடும் என்றார்கள்.

ஒரே ஒரு படம் குறைந்தது. 'இளம் காய்ப்புழு.' பெட்டியில் பெயர் எழுதாத ஒரு சிலைடு கிடந்தது. தட்டைப்பயறு நுனியில் ஒரு பச்சைப் புழு, ஒரு பக்கம் கூர்த்து, மறுபக்கம் பருத்து. நல்ல வெளிச்சத்தில் நான் எடுத்த அழகான படம். காய்ப்புழுவின் குஞ்சு என்று முடிவு செய்தேன். மேடம் தங்கியிருந்த விடுதியின் போன் நம்பர் என் சட்டைப்பையில் இருந்தது. கூப்பிடவில்லை. அவசரம் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன், ஆனால் காரணம் அதுவல்ல. இத்தனை வருடம் பூச்சிகளோடு இருந்தவனுக்கு ஒரு புழு தெரியாதா என்ற எண்ணம்தான்.

பிரசுரம் கட்டுக் கட்டாக ஊர்களுக்குப் போனது. எல்லோரும் படம் பிரமாதம் என்றார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒருவர் சைக்கிளில் வந்தார். பெயர் பொன்னழகு, ஐம்பது வயதிருக்கும். கேரியரில் ஒரு கட்டுத் தட்டைப்பயறுச் செடி. தண்டு, பூ, பிஞ்சு எல்லாம் அசுவினி அப்பி, தார் பூசியதுபோலக் கறுத்திருந்தது. அசுவினி என்பது கடுகைவிடச் சின்னதாக, கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் செடிப்பேன். கட்டை மேடத்தின் மேஜைமேல் வைத்துவிட்டு, மடித்த பிரசுரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"நீங்க படம் போட்ட புழுவை ஒண்ணு விடாமக் கொன்னுட்டேங்க. ரெண்டு தடவ மருந்து அடிச்சேன். மிச்சம் இருந்ததக் கையாலயே நசுக்குனேன். இப்பப் பாருங்க, காடே கருகிப் போச்சு. எங்க தெருவுல எல்லாருக்கும் இதே கதைதான்."

மேடம் வழக்கம்போல அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு பிரசுரத்தை எடுத்தார். வெறும் கண்ணால் பார்த்தார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். மூன்றாவதாக என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், ஆனால் படத்தில் இருக்கிற புழு நடக்காது. என் பக்கம் திரும்பினார்.

"பாய், இந்தப் புழுவுக்குக் கால் எங்க இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். காய்ப்புழுவுக்கு முன்னால் மூன்று ஜோடிக் கால் இருக்கும், வயிற்றில் பொய்க்கால் இருக்கும். என் படத்தில் ஒரு கால்கூட இல்லை. கால் இல்லை என்றால் அது ஈயின் புழு. தேனீ போல மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்குமே ஒரு ஈ, அதன் குஞ்சு. நாள் முழுக்க அசுவினியைத் தின்று வளர்வது. மருந்தில் தப்பிய அசுவினி சில நாளில் மறுபடி பெருகிவிடும், அதைத் தின்ன இது இருக்காது. காக்க வேண்டியவற்றில் முதலாவதாக வைத்திருக்க வேண்டியதை நான் அழிக்கச் சொல்லிவிட்டேன்.

மேடம் பொன்னழகுவிடம், "தப்பு எங்க மேலங்க. இது ஒங்களுக்கு நல்லது செய்யுற புழு. நாங்க மாத்திப் போட்டுட்டோம்" என்றார்.

அவர், "இப்பச் சொல்லி என்னங்க செய்யுறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று மதியமே மேடம் அறக்கட்டளைச் செயலாளரைப் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் வேலை போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். செயலாளர் பொறுமையானவர்தான். "புதுசா சரியான பிரசுரம் ஒண்ணு போட்டுடுவோம். பழசு தன்னால குப்பைக்குப் போயிடும். நாமளே தம்பட்டம் அடிக்கணுமா?" என்றார்.

"பழசு கொல்லச் சொல்லுது சார். அதைத் திருப்பி வாங்கணும். தப்புன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்லணும்."

"யார் செஞ்ச தப்புன்னு கேப்பாங்களே?"

"பிரசுரத்துல என் பேர்தானே இருக்கு."

செயலாளர் தலையாட்டிச் சம்மதித்தார். வெளியே வந்ததும் நான், "மேடம், அது நான்…" என்று ஆரம்பித்தேன். அவர் நிற்காமல் நடந்தபடியே, "வாயால சொன்னா நம்பமாட்டாங்க பாய். புழு அசுவினியத் தின்னுறதைக் கண்ணால பாக்கணும். அந்தப் படம் வேணும். எப்ப எடுக்கலாம்?" என்றார்.

எங்கே எடுப்பது? ஊரெல்லாம் மருந்து அடித்து அந்தப் புழுவே மிச்சமில்லை. மறுநாள் பொன்னழகுவின் காட்டுக்குப் போனோம். வரிசை வரிசையாகக் கறுத்துக் கிடந்தது. அவர் வரப்பிலேயே நின்றுகொண்டார். கிணற்றோரம் மட்டும் இரண்டு வரிசை பச்சைப் பசேலென்று நின்றது. அங்கே அவர் மனைவி அழகம்மாள் பிஞ்சு பறித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு வரிசை மட்டும் எப்புடிங்க?" என்று மேடம் கேட்டார்.

"இது வீட்டுக் கறிக்கு வச்சதுங்க. இதுல மருந்து படக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அதுக்கு இவுகளுக்கு என்மேல கோவம்" என்றார் அழகம்மாள். "இதுலயும் அந்தப் புழு இருந்துச்சு. நான் கண்டுக்கல."

மேடம் அந்த வரிசைக்கு நடுவில், சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இலையைத் திருப்பிப் பார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புழுக்கள் இருந்தன.

நான்கு நாள் காலையில் மேடமும் நானும் அங்கே போனோம். வெயில் ஏறினால் புழு இலைக்கு அடியில் போய்விடும் என்பதால் விடிந்ததும் இருக்க வேண்டும். சாதாரண லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் அது சின்னதைப் பெரிதாக்கும். ஆனால் நாலு விரல் தூரத்துக்குப் போக வேண்டும், கூர்மையாகத் தெரியும் இடம் ஒரு நூல் கனம்தான். அதனால் லென்ஸைத் திருகக் கூடாது. மூச்சைப் பாதியில் நிறுத்தி, உடம்பையே மயிரளவு முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். பிளாஷ் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் இருக்க, லட்டுப் பெட்டியில் விரிக்கும் மெழுகுத்தாளை அதன்மேல் ஒட்டியிருந்தேன். காற்றுதான் பெரிய எதிரி. அழகம்மாள் ஒரு வேட்டியைக் கொண்டுவந்து, ஒரு நுனியைக் கம்பில் கட்டி மறுநுனியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தாலும் விடவில்லை.

புழுவைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கி, பக்கத்தில் ஒரு அசுவினியை வைத்து எடுத்தால் ஒரே நாளில் முடியும். பல இடங்களில் அப்படித்தான் எடுத்தார்கள். மேடம் அதை ஒருநாளும் விட்டதில்லை. "மயங்கிக் கெடக்குறதை எடுத்துட்டு, இது இப்புடித்தான் சாப்புடும்னு எப்புடிச் சொல்றது?" என்பார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் கண்ணெதிரே நடந்தது, நான் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். அந்தப் புழுவுக்குக் கண் கிடையாது. தலைப்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டித் தடவிக்கொண்டே வந்தது. ஒரு அசுவினிமேல் பட்டதும் குத்தியது. குத்தியதை அப்படியே தூக்கி, இலையை விட்டு அந்தரத்தில் பிடித்துக்கொண்டது. அசுவினியின் ஆறு காலும் காற்றில் உதைத்தன. உள்ளே இருந்த பச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாகப் புழுவுக்குள் போவது அதன் தோல் வழியே தெரிந்தது. கடைசியில் சக்கையைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தடவப் போனது. இத்தனை வருடத்தில் நான் ஆயிரம் முறை அந்தச் செடியைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை.

"எடுத்துட்டீங்களா?" என்று மேடம் கிசுகிசுத்தார்.

"பாத்துக்கிட்டே இருந்துட்டேன் மேடம்."

அவர் கோபப்படவில்லை. "நானும்தான்" என்றார்.

மூன்றாம் நாள் காற்று. நான்காம் நாள் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவத் திருச்சிக்கு அனுப்பினோம். ஒரே ஒரு படம் தேறியது. அது போதும். அந்தரத்தில் அசுவினி, அதன் கால்கள், அதற்குக் கீழே காலே இல்லாத பச்சைப் புழு.

புதிய பிரசுரத்தின் தலைப்பில், 'முன்பு நாங்கள் தவறாகச் சொன்னோம்' என்று பெரிய எழுத்தில் போட்டார் மேடம். படத்துக்கு அடியில் இரண்டு பெயர். படம் எடுத்தவர் என்று என் பெயர். செடியைக் காத்தவர் என்று அழகம்மாள் பெயர்.

முதல் கூட்டம் பொன்னழகுவின் ஊரில், பால் சொசைட்டி வாசலில் நடந்தது. நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். மேடம் எழுந்து, "போன தடவ நாங்க குடுத்தது தப்பு. ஒங்க பயிரு போனதுக்கு அதுவும் ஒரு காரணம். மன்னிச்சுக்கங்க. அந்தக் காகிதம் யார்கிட்ட இருந்தாலும் குடுத்துடுங்க" என்றார்.

பின்னாலிருந்து ஒருவர், "படிச்ச நீங்களே புழுவை மாத்திச் சொன்னா, நாங்க யாரைப் போய்க் கேக்குறது? நீங்க என்னத்தத்தான் படிச்சீங்க?" என்று சத்தம் போட்டார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். மேடம் தலை குனியவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "மேடம் அப்ப ஊர்ல இல்லைங்க. அந்தப் படத்தை எடுத்தவன் நான், புழுவோட பேரை மாத்திப் போட்டவனும் நான்தான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

சத்தம் நின்றது. யாரும் என்னை ஆறுதலாகப் பார்க்கவும் இல்லை. பொன்னழகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் இடுப்பிலிருந்து பழைய பிரசுரத்தை உருவி மேஜைமேல் வைத்தார். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். அப்படி இருபது ஊருக்குமேல் போனோம். ஒவ்வொரு ஊரிலும் மேடம் முதலில் மன்னிப்புக் கேட்பார், பிறகு நான் எழுந்து என் பங்கைச் சொல்வேன். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

போன பிரசுரம் எல்லாம் திரும்பி வரவில்லை. பொன்னழகுவின் அந்த வெள்ளாமையும் திரும்பி வரவில்லை. அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மேடம் பிறகு பதினொரு வருடம் எங்களோடு இருந்தார். வேறு வேலை கிடைத்து வடக்கே போன பிறகும், ஏதாவது புதுப் பூச்சி என்றால் படத்தை அனுப்புவேன். "எனக்குத் தெரியல பாய்" என்றுதான் பாதி நேரம் பதில் வரும். நான்கைந்து நாளில் இன்னொரு பதில் வரும். அந்த இரண்டாவது பதிலுக்காகவே நான் அனுப்பினேன்.

கூட்டங்கள் நடந்ததற்கு அடுத்த வருடம் பொன்னழகு மறுபடி தட்டைப்பயறு போட்டார் என்று கேள்விப்பட்டேன். அதுவரை என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் காலையில் பண்ணைக்கு ஆள் அனுப்பினார். "பாயை வரச் சொல்லுங்க." மேடம் தன் உருப்பெருக்கிகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பயந்துகொண்டேதான் போனேன். அழகம்மாள் வரப்பில் நின்று சிரித்தார். "நேத்துலருந்து இதே வேலைதான். கஞ்சி குடிக்கக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குறாக" என்றார். காட்டுக்குள், இரண்டு வரிசைக்கு நடுவில், பொன்னழகு சட்டையெல்லாம் மண்ணாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். கண்ணில் உருப்பெருக்கி, அதற்கு முன்னால் தண்டில் ஒரு பச்சைப் புழு. நான் கேமராவைத் தோளில் மாட்டியபடி பக்கத்தில் போனேன்.

அவர் திரும்பவில்லை. "மெதுவா வாங்க பாய்" என்றார். "ஒங்க நெழல் விழுகுது."

நான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.